இறந்தவர் மீது பழி சுமத்தலாமா? விண்வெளித் தொடர்களும் முதல் வீரர்களும்

விண்மீன்தேடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன மாதம் முழுக்க விண்வெளி வரலாற்றைச் சொல்லும் தொடர்களாகவே பார்த்துத் தீர்த்தேன். முதலில் 2020இல் வந்த 'தி ரைட் ஸ்டஃப்', எட்டுப் பகுதிகள். அது முடிந்ததும் 1998இல் எச்.பி.ஓ. வெளியிட்ட 'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்' பன்னிரண்டு பகுதிகளையும் மறுபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு மனக்குறை வளர்ந்துகொண்டே வந்தது. உங்களிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று இங்கே வந்திருக்கிறேன்.

'தி ரைட் ஸ்டஃப்' மெர்க்குரி எழுவரின் கதை. 1959 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் என்று நாசா பத்திரிகையாளர்கள் முன் கொண்டுவந்து நிறுத்திய ஏழு ராணுவ விமானிகள். தொடரைப் பார்த்து முடித்தபோது ஜான் கிளென்னுக்கும் ஆலன் ஷெப்பர்டுக்கும் எவ்வளவு ஆகாது, யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு யார் மீது பொறாமை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அவர்கள் ஏறி உட்கார்ந்த கலம் எப்படி வேலை செய்தது என்று கேட்டால் என்னால் நாலு வரி சொல்ல முடியாது. எட்டாவது பகுதியில் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று மேலே போய்வருகிறார். கால் மணி நேரப் பயணம் அது. அந்தக் கால் மணி நேரத்துக்காக ஆயிரக்கணக்கானோர் இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு திரையில் ஏறவே இல்லை.

சண்டைகள் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. சான் டியேகோவில் கிளென் மற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒழுக்கம் பற்றிக் கடிந்துகொண்டதும் ஷெப்பர்ட் எதிர்த்துப் பேசியதும் நடந்தவைதான். 'நீங்கள் போக முடியாவிட்டால் வேறு யார் போகலாம்' என்று மெர்க்குரி திட்டத்தை நடத்திய நாசா அதிகாரி கில்ரூத் ஏழு பேரிடமும் எழுதி வாங்கியதும் நடந்ததுதான். எனக்கு உறுத்துவது வேறு.

என் மைத்துனர் நன்றாகப் படித்தவர். பேச்சுவாக்கில் எழுவரில் ஒருவரான கஸ் கிரிஸம் பெயரைச் சொன்னேன். உடனே அவர், 'பயத்தில் கதவைத் திறந்து கலத்தைக் கடலில் மூழ்கவிட்டவர்தானே?' என்று கேட்டார். எங்கே படித்தீர்கள் என்றால், படிக்கவில்லை, 1983இல் 'தி ரைட் ஸ்டஃப்' என்று இதே பெயரில் வந்த படத்தில் பார்த்தாராம். நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு மனிதரின் பெயர் அந்த ஒரு காட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். 1961 ஜூலை 21. கிரிஸம் 'லிபர்ட்டி பெல் 7' கலத்தில் போய்வந்து அட்லாண்டிக்கில் இறங்குகிறார். கலத்தின் கதவை 70 டைட்டானியம் போல்ட்டுகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றிலும் சிறு துளை போட்டு, சுற்றிலும் வெடிதிரி ஓட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் குமிழை ஓங்கித் தட்டினால் திரி வெடித்துப் போல்ட்டுகள் முறிந்து கதவு பறக்கும். ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தபோது கதவு தானாகவே வெடித்துப் போனது என்று கிரிஸம் கடைசிவரை சொன்னார். கடல்நீர் உள்ளே பாய்ந்தது. அவர் வெளியே குதித்தார். அவசரத்தில் உடுப்பின் ஆக்சிஜன் குழாய் பொருந்தும் துளையை மூட முடியாமல் போக, அதன் வழியாகத் தண்ணீர் ஏறி அவரே மூழ்கப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப்போன பத்து சென்ட் நாணயச் சுருள்கள் வேறு காலில் பாரமாக இருந்தன.

அடுத்த ஆண்டு அக்டோபரில் எழுவரில் இன்னொருவரான வாலி ஷிர்ரா தன் பயணம் முடிந்து கப்பல் தளத்தில் இருந்தபடியே வேண்டுமென்றே அந்தக் குமிழைத் தட்டினார். அது பின்னுக்கு உதைத்ததில் கையுறையையும் மீறி அவர் கையில் காயம்பட்டது. கிரிஸம் கரையேறியபோது மருத்துவர்கள் அவரைச் சோதித்தார்கள். கையில் அப்படி ஒரு தழும்புகூட இல்லை.

நாசா அவரை ஒதுக்கவும் இல்லை. 1965இல் முதல் ஜெமினி பயணத்துக்குத் தலைவர் அவர்தான். முதல் அப்பல்லோவுக்கும் அவரையே நியமித்தார்கள். 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது தீயில் எட் ஒயிட், ரோஜர் சாஃபியோடு அவரும் இறந்துபோனார். படம் வந்தபோது பதில் சொல்ல அவர் இல்லை.

இதுதான் என் கேள்வி. உண்மை மனிதர்களை வைத்து நாடகம் எழுதுகிறவருக்கு எதுவரை உரிமை?

கரிசல்காடு

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நான் மேடை நாடகம் எழுதிப் பழகியவன், அந்தப் பக்கத்தில் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

கேமராவுக்கு முகம்தான் தெரியும். எழுபது போல்ட்டை எவ்வளவு நேரம் காட்டிக்கொண்டிருக்க முடியும்? பார்க்கிறவர் மனம் ஒரு மனிதனின் ஆசையிலும் அச்சத்திலும்தான் ஒட்டும். ஷெப்பர்டும் கிளென்னும் முட்டிக்கொள்ளும்போது நமக்கு 'யார் முதலில்' என்ற கேள்வி நெஞ்சில் ஏறுகிறது. அந்தப் பதற்றம் இல்லாமல் ராக்கெட் கிளம்பினால் அது செய்திப்படம்.

இன்னொன்று. அந்த எழுவரையும் பத்திரிகைகள் ஏற்கெனவே பொம்மையாக்கி வைத்திருந்தன. லைஃப் பத்திரிகை ஐந்து லட்சம் டாலருக்கு அவர்கள் கதையை மொத்தமாக வாங்கி, தேவாலயத்துக்குப் போகிற நல்ல கணவன்மார்களாக அச்சடித்தது. அந்தப் பூச்சை உரித்து, குடிக்கிறவன், பொறாமைப்படுகிறவன், மனைவியிடம் பொய் சொல்கிறவன் என்று காட்டியதும் உண்மைக்குச் செய்த தொண்டுதான். கிரிஸம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதற்காக நாடகக்காரனின் கையைக் கட்டிவிடாதீர்கள்.

அச்சாணி

தம்பி கரிசல்காடு, 'போல்ட்டை எவ்வளவு நேரம் காட்ட முடியும்' என்று கேட்டீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள் அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் நள்ளிரவில் எங்கள் யூனிட் ஒன்று திடீரென்று டிரிப் ஆகி நின்றுவிட்டது. பலகை முழுக்க ஒரே நேரத்தில் சிவப்பு. எந்த விளக்கு முதலில் எரிந்தது, எது அதன் விளைவாக எரிந்தது என்று பிரித்தறிவதுதான் அந்த நேரத்து வேலை. அறையில் யாரும் கத்தவில்லை. பஸ்ஸர் ஒலியை நிறுத்தியதும் மூச்சுவிடும் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. மூலையில் உட்கார்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் மெதுவான குரலில், 'ஐயா, அளவுமானிகளுக்குப் போகும் மின்சாரம்தான் போயிருக்கிறது, கொதிகலன் நன்றாக இருக்கிறது' என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பல ஆண்டுகள் கழித்து 'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்' தொடரின் ஏழாவது பகுதியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பல்லோ 12. 1969 நவம்பர் 14, மழைக்குள் ஏவுகிறார்கள். 36ஆம் விநாடியில் ஒரு மின்னல், 52ஆம் விநாடியில் இன்னொன்று. கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக எரிகின்றன. ஹூஸ்டனில் திரையில் வரும் எண்கள் எல்லாம் குப்பை. ஜான் ஆரன் என்ற 26 வயதுப் பொறியாளர் அந்தக் குப்பையைப் பார்க்கிறார். ஓராண்டுக்கு முன் ஒரு சோதனையின்போது இதே மாதிரிக் குப்பையைப் பார்த்த நினைவு வருகிறது. 'எஸ்.சி.இ. டு ஆக்ஸ்' என்கிறார். உணர்கருவிகளின் சமிக்ஞையைத் திருத்தி அனுப்பும் பெட்டி ஒன்று உண்டு. மின்னழுத்தம் குறைந்தாலும் வேலை செய்யும் நிலைக்கு அதை மாற்றச் சொல்கிறார். பறப்பு இயக்குநருக்கு அந்த சுவிட்சைத் தெரியாது. கலத்தில் இருந்த தலைவர் கான்ராடுக்கும் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆலன் பீனுக்குத் தெரியும். தட்டினார். எண்கள் திரும்பின. அதன்பிறகு மின்னலில் துண்டிக்கப்பட்ட எரிபொருள் மின்கலங்களை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்தார்கள். நிலவுக்கே போய் இறங்கிவிட்டார்கள்.

இங்கே யாருடைய பொறாமை தேவைப்பட்டது? ஒரு சுவிட்ச், அதை நினைவு வைத்திருந்த இரண்டு பேர். அவ்வளவுதான். அந்தப் பகுதியில் பீனைச் சாதாரண மனிதராக, கொஞ்சம் கூச்சப்படுகிறவராக, தன் தலைவர் மீது உயிரையே வைத்திருக்கிறவராகக் காட்டுகிறார்கள். மூன்று பேருக்கும் இடையில் நட்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

வேலை தெரிந்தவர்கள் வேலை செய்வதை அருகில் போய்க் காட்டுங்கள், முகம் தானாக வரும்.

நெய்தல்

அச்சாணி ஐயா எழுதியதை மூன்று முறை படித்துவிட்டேன்.

நான் பெண்கள் பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடர்கள் எல்லாவற்றிலும் மனைவிமார் என்றால் சன்னலோரம் நின்று வானத்தைப் பார்க்கிறவர்கள். 2015இல் 'தி ஆஸ்ட்ரோநாட் வைவ்ஸ் கிளப்' என்று பத்துப் பகுதித் தொடரே வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் உடைகளும் கூந்தல் அலங்காரமும் விருந்துகளும் திரையை நிறைத்ததில் அந்தப் பெண்கள் பட்ட பாடு ஓரத்துக்குப் போய்விட்டது.

ஆனி கிளென்னுக்குக் கடுமையான திக்குவாய். 1962 ஜனவரியில் கிளென் கலத்துக்குள் மணிக்கணக்கில் படுத்திருந்து, ஏவுதல் ஒத்திப்போன நாளில், துணை ஜனாதிபதி ஜான்சன் தொலைக்காட்சிக்காரர்களோடு அவர் வீட்டுக்குள் வர விரும்பினார். ஆனி வேண்டாம் என்றார். நாசாவிலிருந்து கிளென்னை அழைத்து மனைவிக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள். கிளென் மனைவியின் பக்கம் நின்றார். எவ்வளவு பெரிய காட்சி அது! ஊரே பார்க்கும் கேமரா முன்னால் வார்த்தை வராமல் நிற்கப்போகிறோம் என்ற பயத்தை யோசித்துப் பாருங்கள். என் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

பெட்டி கிரிஸம் தன் கணவர் இறந்தபின் கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 1972இல் மூன்றரை லட்சம் டாலர் இழப்பீட்டில் சமரசம் ஆனது. விண்வெளிக் குடும்பத்துக்குள் இருந்துகொண்டு வழக்குப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவரை அந்த 1983 படத்தில் எப்படிக் காட்டினார்கள் தெரியுமா, வெள்ளை மாளிகை விருந்து கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவராக. விண்மீன்தேடி சொன்ன பழி கணவரோடு நிற்கவில்லை.

ஜெர்ரி காப் பற்றியும் ஒரு வார்த்தை. மெர்க்குரி எழுவருக்கு உடற்சோதனை நடத்திய மருத்துவர் லவ்லேஸ், அதே சோதனைகளைப் பெண் விமானிகளுக்கும் நடத்தினார். காப் உட்பட 13 பேர் தேறினார்கள். இது நாசாவின் திட்டம் அல்ல, தனியார் பணத்தில் நடந்தது. இதைப் பல இடங்களில் நாசா பயிற்சி கொடுத்துவிட்டுக் கைவிட்டதுபோல் எழுதுகிறார்கள், அது தவறு. நாசா கேட்டது ஜெட் சோதனை விமானி அனுபவம். அந்த வேலையில் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. 1962 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் காப் வாதாடினார். எதிர்த்தரப்பில் சாட்சி சொன்னவர் ஜான் கிளென். பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக ஒழுங்கின் நடப்பு என்று அவர் சொன்னார். திக்குவாய் மனைவிக்காக நாசாவையே எதிர்த்து நின்ற அதே கிளென், அதே ஆண்டில்! இரண்டையும் ஒரே மனிதரிடம் காட்டத் துணிந்தால் எப்படிப்பட்ட நாடகம் கிடைக்கும்! ஓராண்டுக்குள், 1963 ஜூன் 16 அன்று, சோவியத்தின் வாலண்டினா தெரஷ்கோவா 48 முறை பூமியைச் சுற்றிவரக் கிளம்பிவிட்டார்.

பனையோலை

நம் நாட்டுத் தொடரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022இல் வந்த 'ராக்கெட் பாய்ஸ்' பார்த்திருப்பீர்கள். ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், இளம் அப்துல் கலாம் எல்லோரும் வருகிறார்கள். இயற்பியல் மாணவனாக எனக்கு அந்தத் தொடர் பெரிய மகிழ்ச்சி. ஆய்வுக்கூடத்தில் நடக்கும் கதையை நம் நாட்டில் இவ்வளவு செலவழித்து எடுப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் விண்மீன்தேடி அண்ணன் கேட்ட கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது. பாபாவுக்கு எதிரியாக ரஸா மெஹ்தி என்ற விஞ்ஞானி வருகிறார். அவர் கற்பனைப் பாத்திரம். ஆனால் கல்கத்தா, சைக்ளோட்ரான் என்ற அணுத்துகள் முடுக்கி, அரசியல், அணுசக்தித் திட்டத்தில் பாபாவோடு கருத்து வேறுபாடு என்று ஒவ்வொன்றாக அடுக்கினால் யார் நினைவுக்கு வருகிறார்? மேக்நாத் சாஹா.

சாஹா 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில், சிறு கடைக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். விண்மீன்களின் ஒளிப்பட்டையிலிருந்து அவற்றின் வெப்பநிலையைப் படிக்கும் வழியை 1920இல் உலகத்துக்குக் கொடுத்தது அவருடைய அயனியாக்கச் சமன்பாடு. இன்றும் வானியற்பியல் முதல் பருவத்தில் அதைத்தான் எழுதிப் பார்க்கிறோம். 1952இல் தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனவர். அணுசக்தி ஆணையம் ரகசியமாக நடப்பது, ஒரே இடத்தில் அதிகாரம் குவிவது இவற்றை எதிர்த்துக் கேள்வி கேட்டார். இதில் என்ன வில்லத்தனம் இருக்கிறது?

இத்தனை அடையாளங்களையும் எடுத்துக்கொண்டு, பெயரையும் மதத்தையும் மாற்றி, கதாநாயகனின் பாதையில் நிற்கும் முள்ளாக வைத்தபோது இரண்டு அநியாயம் நடக்கிறது. சாஹாவைத் தெரிந்தவர்களுக்கு அவர் கசப்பான மனிதராகிவிடுகிறார். தெரியாதவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாமல் போகிறது. வில்லனாக்க ஒரு முஸ்லிம் பெயர்தானா கிடைத்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

கரிசல்காடு

நேற்றிரவு முழுக்க யோசித்தேன். பனையோலை சொன்னது என்னைச் சுட்டது.

என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். மூடிய அறைக்குள் கணவனும் மனைவியும் என்ன பேசினார்கள் என்று நாடகக்காரன் கற்பனை செய்யலாம். மூன்று மாதத்தில் நடந்ததை ஒரே இரவில் நடந்ததாகச் சுருக்கலாம். மூன்று பொறியாளர்களை ஒருவராக்கலாம். ஆனால் நிரூபிக்கப்படாத ஒரு குற்றத்தை, பெயர் உள்ள ஒரு மனிதர் செய்ததாகக் காட்சி வைக்கக் கூடாது. காட்சி என்பது சாட்சி மாதிரி வேலை செய்கிறது. 'அப்படியும் இருக்கலாம்' என்ற சொல் திரைக்குத் தெரியாது. கதவு தானாகத் திறந்ததா, அவர் தட்டினாரா என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றால், கதவு திறக்கும் கணத்தில் கேமரா கலத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பார்த்ததைத்தான் நாமும் பார்க்க வேண்டும். நான் எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' தொடரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2019இல் தொடங்கியது. நிலவில் முதலில் இறங்கியவர் சோவியத்தின் அலெக்ஸி லியோனவ் என்று வரலாற்றையே மாற்றிவைத்துக்கொண்டு கதை கிளம்புகிறது. அடுத்து ஒரு சோவியத் பெண்ணும் இறங்கிவிட, அமெரிக்கா வேறு வழியில்லாமல் பெண் விமானிகளைத் தேடிப் போகிறது. மாலி காப் என்று ஒரு பாத்திரம் வருகிறது. நெய்தல் அக்கா, அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஜெர்ரி காப்புக்கு நிஜத்தில் மூடிய கதவை அந்தத் தொடர் திறந்துவைத்து, திறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கிறது. இது பொய் என்று எல்லோருக்கும் முதல் காட்சியிலேயே தெரியும். அதனால் யாரும் ஏமாறவில்லை. 'உண்மைக் கதை' என்று அட்டை போட்டுக்கொண்டு வருகிறவற்றைவிட இது நேர்மையாக இருக்கிறது.

அச்சாணி

தம்பி, கேமரா வெளியே இருக்க வேண்டும் என்று எழுதினீர்களே, அதற்காக உங்களுக்கு ஒரு வணக்கம்.

'ஃபார் ஆல் மேன்கைண்ட்' எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒரு இடத்தில் மனம் ஒப்பவில்லை. டீக் ஸ்லேட்டன் மெர்க்குரி எழுவரில் ஒருவர். இதயத் துடிப்பில் கோளாறு என்று 1962இல் பறக்கத் தடை விதித்தார்கள். பதிமூன்று ஆண்டுகள் மற்றவர்களைப் பொறுக்கியெடுத்து மேலே அனுப்பிக்கொண்டே காத்திருந்து, 1975இல் அப்பல்லோ–சோயுஸ் பயணத்தில் தன் 51ஆம் வயதில் போனார். அந்தத் தொடரில் அவரை விண்வெளியில் சாகவைத்துவிட்டார்கள். கற்பனை வரலாறு என்றாலும், அப்படிப் பொறுத்திருந்து பெற்ற பயணத்தை அந்த மனிதரிடமிருந்து பிடுங்கியதுபோல் எனக்கு இருந்தது. இது என் மனக்குறை மட்டும்தான், குற்றம் என்று சொல்லமாட்டேன்.

அப்பல்லோ 1 தீ பற்றி ஒன்று. எச்.பி.ஓ. தொடரின் இரண்டாம் பகுதி அதை நடத்திய விதத்தைப் பாருங்கள். யாரையும் வில்லனாக்கவில்லை. தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். எங்கு பார்த்தாலும் எளிதில் பற்றும் வெல்க்ரோவும் நைலான் வலையும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு, அதை எடுக்கக் குறைந்தது ஒன்றரை நிமிடம். தீப்பிடித்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, அந்தக் கதவை எந்த மனிதனாலும் இழுக்க முடியாத நிலை. இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒரு நல்ல பொறியாளர் நல்ல எண்ணத்தோடுதான் முடிவு செய்திருக்கிறார். எல்லாம் ஒரே மாலையில் ஒன்று சேர்ந்தது. நிறுவனத்தின் பொறியாளர்களும் நாசா அதிகாரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகள் அதில் உண்டு. விபத்து விசாரணையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படித்தான் இருக்கும்.

பழைய ரேடியோ

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். சோவியத் பக்கத்தைத் தொடாமல் இந்த இழை நிறைவாகாது என்பதால் இரண்டு விஷயம் மட்டும்.

ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். வஸ்தோக் கலத்தோடு அவர் தரையிறங்கவில்லை. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுத் தனி பாராசூட்டில் வந்தார். சாதனையாகப் பதிவாக வேண்டுமென்றால் விமானி கலத்தோடு இறங்க வேண்டும் என்ற விதி இருந்ததால் பல ஆண்டுகள் இதை மறைத்தார்கள். சரத்தோவ் அருகே வயலில் ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக இறங்கியவரைக் கண்டு மிரண்டு நின்ற ஒரு மூதாட்டிக்கும் அவர் பேத்திக்கும் மட்டும் உண்மை தெரிந்திருந்தது! அரசே எழுதிய நாடகம் அது.

கலத்தை வடிவமைத்த செர்கேய் கரல்யோவ் பெயர்கூட 1966 ஜனவரியில் அவர் இறந்த பின்புதான் மக்களுக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரை 'தலைமை வடிவமைப்பாளர்'. 1938இல் கைதாகி, சைபீரியக் கைதி முகாமான கலிமாவின் சுரங்கத்தில் சாவின் விளிம்பைத் தொட்டு வந்தவர். பி.பி.சி. 2005இல் 'ஸ்பேஸ் ரேஸ்' என்று நான்கு பகுதிகளில் அவரையும், பின்னால் அமெரிக்காவின் நிலவு ராக்கெட்டைக் கட்டிய ஜெர்மானியர் வெர்னர் வான் பிரௌனையும் எதிரெதிரே வைத்துக் காட்டியது. வான் பிரௌன் நாஜி ஜெர்மனிக்காக வடிவமைத்த வி-2 ராக்கெட்டுகளை மலைக்குள் சுரங்கத்தில் கட்டியவர்கள் டோரா முகாமின் அடிமைக் கைதிகள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அங்கே மாண்டார்கள். ஒருவர் முகாமில் கைதியாகக் கிடந்தவர், மற்றவரின் ராக்கெட்டைக் கைதிகள் கட்டினார்கள். நிலவுப் பயணத்தை மட்டும் காட்டும் தொடர்கள் இதை ஒரு வசனத்தில் கடந்துபோகும்போது எனக்கு வயிறு கலங்கும்.

நெய்தல்

பழைய ரேடியோ ஐயா, நன்றி. கரல்யோவைப் பற்றி என் மாணவிகளிடம் நாளைக்கே சொல்வேன்.

பனையோலை தம்பி நம் பக்கத்தைத் தொட்டதால், நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் பஸ் பிடித்தால் போய்விடலாம். அங்கே இருக்கும் புனித மரிய மதலேனாள் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்திவிட்டார்கள், நான் சொல்லவே இல்லை.

1963 நவம்பர் 21. நாசா கொடுத்த நைக்–அப்பாச்சி ராக்கெட்டைத் தேவாலயக் கட்டடத்துக்குள் வைத்துப் பொருத்தினார்கள். ஏவுதளத்தில் கிரேன் தூக்கும்போது ராக்கெட் ஒருபக்கம் சாயத் தொடங்கியது. கிரேனின் ஹைட்ராலிக் கசிந்திருக்கிறது. மாலை ஆறு நெருங்கிவிட்டது, சரிசெய்ய நேரமில்லை. எல்லோருமாகச் சேர்ந்து கைகளால் தூக்கி நிறுத்தினார்கள் என்று கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 6.25க்கு ராக்கெட் போனது. உயரத்தில் சோடியம் ஆவியைக் கக்கியது. இங்கே இருட்டத் தொடங்கிய பிறகும் மேலே வெயில் இருந்ததால் அந்த மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. என் ஆச்சி அப்போது கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்களாம். 'வானத்தில் யாரோ மஞ்சளைக் கொட்டியமாதிரி இருந்தது' என்று சாகும்வரை சொல்வார்கள்.

சாயும் ராக்கெட்டைத் தோளில் தாங்கிய அந்தப் பெயர் தெரியாத கைகள்தான் என் மனக்கண்ணில் நிற்கின்றன. அச்சாணி ஐயா சொன்ன 'வேலை தெரிந்தவர்கள்' அவர்கள்தான்.

மூன்றாம்பிறை

இதுவரை படிக்க மட்டும் செய்தேன், ஒரு சந்தேகம் கேட்கலாமா? என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ராக்கெட் என்றால் உயிர். இவற்றில் எதை முதலில் காட்டலாம்? அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். சண்டை, குடி எல்லாம் இல்லாததாக இருந்தால் நல்லது.

விண்மீன்தேடி

சகோதரி, 'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்' ஐந்தாம் பகுதி, 'ஸ்பைடர்'. கண்ணை மூடிக்கொண்டு காட்டுங்கள். லாங் ஐலண்டின் பெத்பேஜில் இருந்த கிரம்மன் நிறுவனத்தில் டாம் கெல்லியின் குழு நிலவில் இறங்கும் கலத்தைக் கட்டிய கதை. முழுப் பகுதியும் எடையோடு நடத்தும் போர். முதல் வரைபடத்தில் பெரிய சன்னல்களும் இருக்கைகளும் இருந்தன. கண்ணாடி கனம். யாருக்கோ தோன்றுகிறது: ஈர்ப்பு குறைந்த இடத்தில் எதற்கு இருக்கை, நின்றுகொண்டே ஓட்டலாமே. நின்றால் முகம் சன்னலுக்கு அருகில் வந்துவிடும், சிறிய முக்கோணச் சன்னலே போதும். இருக்கைகள் போயின, கண்ணாடி சுருங்கியது. சுவரைச் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் வரை சீவினார்கள். 1969 மார்ச்சில் அப்பல்லோ 9 அதை விண்வெளியில் முதன்முதலில் மனிதர்களோடு ஓட்டிப் பார்த்தது. அந்த வீரர்கள் கலத்துக்கு வைத்த பெயர்தான் 'ஸ்பைடர்'.

கரிசல்காடு தம்பி, நீங்கள் வகுத்த எல்லையை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இந்த இழையைத் தொடங்கியபோது என்னிடம் கோபம்தான் இருந்தது, வரையறை இல்லை. கிரிஸம் பற்றி ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன். 1999 ஜூலையில் லிபர்ட்டி பெல் 7 கலத்தை அட்லாண்டிக்கின் அடியிலிருந்து, நாலரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுத்தார்கள். 38 ஆண்டுகள் கழித்து. சுத்தம் செய்தபோது பத்து சென்ட் நாணயங்கள் சில உள்ளே இருந்தன. கதவு கிடைக்கவில்லை.

மூன்றாம்பிறை

ஞாயிற்றுக்கிழமை காட்டினேன். புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டான், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நேற்றுப் பள்ளி விட்டு வந்ததும் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, கத்தரிக்கோலால் இரண்டு முக்கோணம் வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளே முக்காலி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அம்மா, எடை கூடிவிடும் என்றான்.